திரையில் மட்டும் சுற்றும் காந்தச் சக்கரம்

ஒரு சுருள்வில்லின் நுனியில் ஓர் எடையைப் பொருத்தி, இழுத்து விடுவோம். உராய்வும் காற்றுத் தடையும் இல்லை என்று வைத்துக்கொண்டு அந்த எடையின் ஆட்டத்தைக் கணக்கிடும் நிரலைப் பள்ளி மாணவர்கூட எழுதிவிடலாம். ஒரு முழு அலைவை 100 காலத்துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருக்கும் வேகத்தையும் விசையையும் கொண்டு அடுத்த நிலையைக் கண்டால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் காட்டிய எளிய வழி அது. நிரலை ஓட்டினால், முதல் அலைவு முடியும்போதே எடையின் ஆற்றல் 48 சதவீதம் கூடியிருக்கும். பத்தாவது அலைவின் முடிவில் அது தொடக்கத்தைப்போல் 51 மடங்கு. வெளியிலிருந்து துளி ஆற்றலும் உள்ளே வரவில்லை.

காலத்துண்டுகளை 1,000 ஆக்கினால் ஓர் அலைவுக்கு உபரி 4 சதவீதமாகக் குறைகிறது. 10,000 ஆக்கினால் 0.4 சதவீதம். வில்லில் எதுவும் மாறவில்லை; கணக்கிடும் நுணுக்கம் மட்டுமே கூடியது. உபரி நிரலுக்குச் சொந்தமானது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

சுருள்வில் ஆற்றலைப் படைக்கும் என்று நம்புவோர் யாரும் இல்லாததால் இதில் சர்ச்சை எழுவதில்லை. வில்லின் இடத்தில் நியோடிமியம் காந்தங்கள் பதித்த ஒரு சக்கரத்தை வைத்ததும் நிலைமை மாறுகிறது. அதே வகை உபரி அங்கே கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. எரிபொருள் இல்லாமல் மின்சாரம் தரும் காந்த ஜெனரேட்டரைக் கட்ட விரும்புவோர் பலர் இன்று பட்டறைக்குப் போகும் முன்பே கணினியில் சிமுலேஷன் செய்து பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் திரையில் வரும் எண்ணை எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளாவிட்டால், அந்த எண்ணே அவர்களைச் செலவுக்குள் இழுத்துவிடும். காந்தங்களுக்குக் கொடுத்த பணமும் அதில் போன ஆண்டுகளும் திரும்புவதில்லை.

இந்த ஆசைக்கு வயது 750 ஆண்டுகளுக்கு மேல். 1269 ஆகஸ்டில், இத்தாலியின் லூச்செரா நகரை முற்றுகையிட்டிருந்த படையின் முகாமிலிருந்து பெத்ருஸ் பெரெக்ரினுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் காந்தத்தைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். காந்தத்துக்கு இரு துருவங்கள் உண்டு, ஒத்த துருவங்கள் விலக்கும், மாறான துருவங்கள் ஈர்க்கும் என்பவற்றைச் சோதனைகளோடு முறையாக விளக்கிய அரிய ஆவணம் அது. அதே கடிதத்தில், காந்தத்தால் ஓயாமல் சுழலும் பல்சக்கரம் ஒன்றின் வடிவமும் இருக்கிறது. கவனமாகச் சோதித்த அதே கை, சோதிக்காத சக்கரத்தையும் வரைந்தது.

1648இல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், பின்னாளில் செஸ்டரின் பிஷப் ஆனவர், தம் நூலில் இன்னொரு வடிவத்தை ஆராய்ந்தார். ஒரு தூணின் உச்சியில் வலுவான காந்தம். அதை நோக்கி ஏறும் சாய்தளம். கீழே வைத்த இரும்புக் குண்டைக் காந்தம் மேலே இழுக்கும், உச்சிக்கு அருகே உள்ள துளையில் குண்டு விழும், வளைந்த பாதை வழியாகத் தொடங்கிய இடத்துக்கே உருண்டு வரும், மறுபடி ஏறும். வில்கின்ஸ் இதற்குச் சொன்ன மறுப்பு இன்றும் பழுதில்லாதது. அடிவாரத்திலிருந்தே குண்டை இழுத்து ஏற்றும் அளவுக்குக் காந்தம் வலியது என்றால், துளையருகே அதன் பிடி இன்னும் பல மடங்கு வலியதாக இருக்கும். அப்போது குண்டு ஏன் விழ வேண்டும்? ஆற்றல் அழிவின்மை விதி உருவாக இன்னும் இரு நூற்றாண்டுகள் இருந்தன. விதி இல்லாமலே அவர் பிழை இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டார்.

பின்னர் வந்தவை பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்கள். 1979 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹோவர்டு ஜான்சன் நிலைக்காந்த மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். 1990களின் பிற்பகுதியில் ‘ஸ்மாட்’ என்ற சிறிய காந்தச் சாய்தளம் பரவலாகப் பேசப்பட்டது. வில்கின்ஸின் குண்டும் சாய்தளமுமே அதில் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தன. 2002இல் தாமஸ் பியர்டனும் நால்வரும் அசையும் பாகமே இல்லாத மின்காந்த ஜெனரேட்டருக்குக் காப்புரிமை பெற்றார்கள். காப்புரிமைச் சான்று ஒரு வடிவம் புதியது என்று ஓர் அலுவலகம் ஏற்றதைக் காட்டும். எந்திரம் ஓடியது என்று காட்டாது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இதில் கறாரானது. அதன் 3(அ) பிரிவு, நன்கு நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரண்படும் எதையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.

சிமுலேஷன் செய்வோர் அதிகம் கையில் எடுக்கும் வடிவம் ‘வி-கேட்’ எனப்படும் சக்கரம். உருளையின் மேல் இரு வரிசைகளில் காந்தங்கள். ஒரு முனையில் வரிசைகள் நெருங்கியும் மறு முனையில் விரிந்தும் இருக்கும். பக்கத்தில் நிலையான ஒரு காந்தம். நெருக்கம் மாற மாற விசை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போகிறது. சுற்றின் பெரும்பகுதியில் சக்கரம் தானாகவே முடுக்கம் பெறுவதைக் கண்ணால் பார்க்கலாம்; அதில் பொய் இல்லை. வியின் இரு முனைகளும் சந்திக்கும் சிறு இடத்தில் சக்கரம் தயங்கி, பின்வாங்கி, நின்றுவிடும். ஆர்வலர்கள் அதை ஒட்டும் புள்ளி என்கிறார்கள். அந்த ஒரு புள்ளியைக் கடந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில்தான் எண்ணற்ற மாலைகள் கழிகின்றன.

அந்தப் புள்ளி தற்செயலானதல்ல. நிலைக்காந்தங்களின் விசை, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. பழனி மலையைப் படிப்பாதையில் ஏறி யானைப்பாதையில் இறங்கினாலும் அடிவாரத்தின் உயரம் அதேதான். அதுபோல ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரே ஓர் ஆற்றல் அளவு உண்டு. 360 பாகை சுற்றித் தொடங்கிய கோணத்துக்கே வந்தால், வழியில் பெற்றதும் கொடுத்ததும் சரிக்குச் சரி ஆகியிருக்கும். நீண்ட இறக்கத்தில் மெல்லக் கிடைத்தது அத்தனையையும் குறுகிய ஏற்றம் ஒன்று திருப்பி வாங்கிவிடுகிறது.

காந்தத்துக்குள் சேமிப்பு இருக்கிறதே, அதிலிருந்து எடுக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்று கிடைக்கும் மிக வலுவான நியோடிமியம் காந்தங்களின் ‘எனர்ஜி ப்ராடக்ட்’ எனப்படும் ஆற்றல் அளவு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 400 கிலோஜூல். ஒரு கிலோ காந்தத்தின் பருமன் 130 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல். முழுவதையும் உறிஞ்சி எடுப்பதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 50 ஜூலைச் சற்றே தாண்டும். 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைப் பத்து விநாடி எரிக்க அது போதும். அதன்பின் காந்தம் வெறும் உலோகக் கட்டிதான்.

இப்போது சிமுலேஷனுக்குள் போகலாம். காந்தப்புலத்தைக் கணினியில் கணக்கிட இன்று பெரிதும் பயன்படுவது ஃபைனைட் எலிமெண்ட் முறை. எந்திரத்தின் குறுக்குவெட்டை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் புலத்தை எளிய சூத்திரத்தால் தோராயப்படுத்தி, அனைத்தையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகக் கோத்துத் தீர்க்கும் முறை இது. இந்த முக்கோண வலைக்கு மெஷ் என்று பெயர். மின் எந்திரங்களுக்கு இதைக் கொண்டுவந்த முன்னோடி ஆய்வை 1970இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல், மின்காந்தக் கருவிகளைக் கணினி வழி ஆய்வதற்கும் வடிவமைப்பதற்கும் 1989இல் எழுதிய ஆங்கிலப் பாடநூல் இத்துறையில் அறியப்பட்டது. அக்காலத்தில் பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களுமே தொடமுடிந்த இந்த முறை இன்று யார் கைக்கும் எட்டுகிறது. டேவிட் மீக்கர் உருவாக்கி இலவசமாகவே தரும் ‘ஃபெம்’ என்ற மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

ஃபெம் நேர்மையான, நல்ல கருவி. தவறு நேர்வது அதன் விடையை வாசிப்பதில். அது இருபரிமாணத்தில் கணக்கிடுகிறது. தாளுக்குச் செங்குத்தான திசையில் எந்திரம் ஒரே மாதிரி நீள்கிறது என்பது அதன் அடிப்படை. வி-கேட்டின் உயிர்நாடியோ அச்சுத் திசையில் வரிசைகள் நெருங்கி விரிவதுதான். அதை வெட்டி வெட்டி இருபரிமாணத் துண்டுகளாக்கினால், துண்டுக்கும் துண்டுக்கும் இடையிலான இழுவை கணக்கில் வராமல் போகிறது. ஒட்டும் புள்ளி உருவாவதோ வியின் முனையில், அதாவது அந்த இழுவை வலுவாக இருக்கும் இடத்தில்.

இதைவிடப் பரவலான பிழை இன்னும் எளியது. கோணங்களைப் போதுமான நெருக்கத்தில் எடுக்காமல் விடுவது. ஒரு சக்கரத்தில் 350 பாகை வரை 0.1 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை முன்னோக்கித் தள்ளுகிறது என்று கொள்வோம். அதனால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 0.61 ஜூல். மிச்சம் இருக்கும் 10 பாகைக்குள் அது முழுவதும் திரும்பப் போக வேண்டும். அங்கே எதிர்விசை கூம்புபோல எழுந்து இறங்குவதாகக் கொண்டால் உச்சத்தில் அது 7 நியூட்டன்-மீட்டர். தள்ளும் விசையைப்போல் 70 மடங்கு. இந்தச் சக்கரத்தை 10 பாகைக்கு ஒருமுறை நிறுத்தி விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறார் ஒருவர். 0, 10, 20 என்று தொடங்கினால் 350இலும் 360இலும் நிற்பார். கூம்பின் இரு அடிவாரங்கள் அவை. இடையே எழும் சிகரம் கண்ணில் படுவதே இல்லை. விடை: சுற்றுக்கு 0.6 ஜூல் உபரி. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் 15 வாட் இலவச மின்சாரம்!

அதே ஆள் 5, 15, 25 என்று தொடங்கியிருந்தால் 355இல் சிகரத்தின் உச்சியிலேயே நின்றிருப்பார். அந்த ஒரே உச்ச மதிப்பு 10 பாகைக்கும் பொருந்துவதாகக் கூட்டல் எடுத்துக்கொள்ளும். எதிர்விசையின் வேலை இரட்டிப்பாகத் தெரியும். உபரி போய்ச் சுற்றுக்கு 0.6 ஜூல் பற்றாக்குறை காட்டும். எந்திரம் ஒன்றே, மென்பொருள் ஒன்றே. தொடக்கக் கோணத்தை 5 பாகை நகர்த்தியதில் ஜெனரேட்டர் பிரேக் ஆகிவிட்டது. எந்த உபரிக் கோரிக்கைக்கும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது: கோணப் படியைச் சுருக்குங்கள், தொடக்கத்தை நகர்த்துங்கள். இயற்கையில் உள்ள அளவு எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதைப் பொறுத்து மாறாது.

கோணங்களை நெருக்கமாக எடுத்த பிறகும் சில சமயம் சிறு உபரி மிச்சமிருக்கும். அது மெஷ்ஷிலிருந்து வருவது. எளிய முக்கோணங்களில் ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் காந்தப்புலம் மாறாத ஒரே மதிப்பாக இருக்கும். பக்கத்து முக்கோணத்தில் சட்டென்று வேறு மதிப்புக்குத் தாவும். காந்த விசையோ புலத்தின் இருமடியைப் பொறுத்தது. சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் இடையிலான மெல்லிய காற்றிடைவெளியில் அதைத் தொகுத்துக் கணக்கிடுகிறார்கள். எதிரெதிராக இழுக்கும் பெரிய விசைகளின் சிறிய வித்தியாசம்தான் முறுக்கு விசை. பெரிய எண்களில் உள்ள சிறிய பிழை, வித்தியாசத்தில் பெரிதாகத் தெரியும். சக்கரம் நகரும் ஒவ்வொரு முறையும் மெஷ் புதிதாக வரையப்படுவதால் பிழையும் கோணத்துக்குக் கோணம் மாறும். காந்தங்கள் நெருங்கும் பக்கமும் விலகும் பக்கமும் வேறு வேறு விதமாக முக்கோணமாக்கப்பட்டால், பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேரும்.

அந்தச் சாய்வு எவ்வளவு பெரிதாகத் தெரியும்? உச்ச முறுக்கு விசை 2 நியூட்டன்-மீட்டர் உள்ள ஒரு மாதிரியில் வெறும் 1 சதவீதம் ஒருபக்கச் சாய்வு இருந்தால், ஒரு சுற்றுக்கு 0.126 ஜூல். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 3 வாட்டுக்கு மேல். கைப்பேசி ஒன்றுக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றப் போதுமான அளவு. ஒரு சதவீதப் பிழை என்பது பொறியியலில் பல இடங்களில் பாராட்டத்தக்க துல்லியம். பூஜ்யத்தைத் தேடும் கணக்கில் மட்டும் அது பேரிடர்.

மெஷ்ஷின் பிழை ஆர்வலர்களை மட்டும் ஏமாற்றுவதில்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டாவங்கர் அருகே கான்ட்ஸ்ஃபியோர்டு கடற்கழியில், ஸ்லைப்னர்-ஏ என்ற எண்ணெய்த் துரப்பண மேடையின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காகக் கீழிறக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். காரணத்தைத் தேடியவர்கள் ஃபைனைட் எலிமெண்ட் கணக்குக்கே வந்து சேர்ந்தார்கள். மூன்று உருளைகள் சந்திக்கும் இடுக்கில் மெஷ் போதிய நுணுக்கமாக இல்லாததால், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. சுவர் அதற்கேற்ப மெல்லியதாகக் கட்டப்பட்டிருந்தது. நுணுக்கமாக மறுபடி கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்த ஆழம் சுமார் 65 மீட்டர். அனுபவமிக்க பொறியாளர்கள் நம்பிய எண் அது. வலை எங்கே தளர்வாக இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கே தவறியிருக்கிறது என்றால், தனியாக மாடியில் உட்கார்ந்து காந்தச் சக்கரம் வரைபவரைக் குறை சொல்வது நியாயமல்ல. அவருக்குச் சோதிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதுதான் நியாயம்.

மெஷ்ஷைச் சோதிக்க வழிகள் உண்டு, எதற்கும் செலவில்லை. முக்கோணங்களின் அளவைப் பாதியாக்கி மீண்டும் கணக்கிட வேண்டும், மீண்டும் பாதியாக்க வேண்டும். உபரி ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே போனால், அது எங்கே போய் முடியும் என்பதை வரைபடத்திலேயே நீட்டிப் பார்க்கலாம். 1911இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இப்படி நீட்டிக் கணிப்பதற்கு ஒரு முறையையே வகுத்துத் தந்தார். அடுத்து, விசையை இரு வேறு வழிகளில் கணக்கிடலாம். காற்றிடைவெளியில் புலத்தின் தகைவிலிருந்து ஒருமுறை. சக்கரத்தை இம்மியளவு திருப்பும்போது மொத்தப் புல ஆற்றலில் ஏற்படும் மாற்றத்திலிருந்து இன்னொரு முறை. இரண்டும் உபரியைவிட அதிகமாக வேறுபட்டால், அந்த உபரியைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. எந்திரத்தின் கண்ணாடிப் பிம்பத்தை வரைந்து ஓட்டுவதும் நல்ல சோதனை: அது எதிர்த்திசையில் அதே உபரியைக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது. இரு செவ்வகக் காந்தங்களுக்கு இடையிலான விசைக்கு அகூன், யோன்னே என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் முழுமையான சூத்திரம் தந்தார்கள். மென்பொருளின் விடையை அதனுடன் ஒப்பிட்டால் பிழையின் அளவு நேரடியாகவே தெரிந்துவிடும். இன்னும் எளிதாக, நம்புவோரும் மறுப்போரும் ஆற்றல் வராது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சாதாரண அடுக்கை, இரண்டே காந்தங்கள் ஒன்றையொன்று சுற்றி வருவதை, அதே மெஷ் அளவிலும் அதே கோணப் படியிலும் ஓட்டிப் பார்க்கலாம். அது 0.05 ஜூல் உபரி காட்டினால், புதிய எந்திரம் காட்டும் 0.05 ஜூலுக்குப் பொருள் இல்லை. தொழில்முறை ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: மின்காந்தக் கணிப்பு நிரல்களைச் சோதிப்பதற்கென்றே ‘டீம்’ என்ற பெயரில், அளந்து பார்த்த விடைகளோடு கூடிய கணக்குகளின் தொகுப்பு ஒன்று 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

காலத்தோடு ஓடும் சிமுலேஷன்களில் தொடக்கத்தில் பார்த்த ஆய்லரின் பிழை வந்து சேர்கிறது. மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் இயற்பியலாளர்கள் இதற்காக 1967இல் லூப் வெர்லே பயன்படுத்திய முறையைக் கையாள்கிறார்கள். லட்சக்கணக்கான படிகளுக்குப் பிறகும் அதில் ஆற்றல் ஒரு சிறு வரம்புக்குள் ஏறி இறங்குமே தவிர, ஒரே திசையில் ஓடிவிடாது. எந்த முறையில் நிரல் ஓடுகிறது என்று கேட்காமல் அதன் முடிவை ஏற்பது, எடை போடும் தராசைப் பார்க்காமல் பொருள் வாங்குவதற்குச் சமம்.

சுருளும் மின்சுற்றும் சேர்ந்த ஜெனரேட்டர்களில் பிழை வேறு உருவெடுக்கிறது. மாறுதிசை மின்னோட்டத்தில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது உண்மையான திறன் ஆகாது. இரண்டும் எவ்வளவு முன்பின்னாக அலைகின்றன என்பதையும் சேர்க்க வேண்டும். 100 வோல்ட், 2 ஆம்பியர், 85 பாகைக் கட்ட வேறுபாடு என்று கொள்வோம். வெறும் பெருக்கல் 200 காட்டும்; உண்மையில் செலவாகும் திறன் 17.4 வாட். உள்ளே போவதைச் சரியாக 20 வாட் என்று அளந்து, வெளியே வருவதை 200 என்று எழுதினால் பத்து மடங்கு ஆற்றல் பிறந்துவிடுகிறது. கட்ட வேறுபாட்டைச் சேர்த்தாலும் அபாயம் தீராது. 85 பாகையை 86 என்று அளந்தால் 17.4 வாட் 14 வாட்டாகிவிடும். ஒரு பாகைத் தவறுக்கு 20 சதவீதம். விநாடிக்கு 50,000 அலைவுகள் கொண்ட சுற்றில் ஒரு பாகை என்பது சுமார் 56 நானோவிநாடி. சிமுலேஷனின் காலத்துண்டு அதைவிடப் பெரியதாக இருந்தால், விடையில் உள்ள பாகைகளுக்கு நம்பகம் இல்லை. மின்தேக்கியில் தொடக்கத்திலேயே ஏற்றிவைத்த ஆற்றலை வருமானமாக எண்ணிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதைப் பிடிக்கச் சிமுலேஷனைப் பத்து மடங்கு நேரம் ஓடவிட்டால் போதும்; உபரி தேய்ந்து மறையும்.

நம்பிக்கையுள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுப்புவார்கள். மென்பொருளுக்குள் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள்தான் இருக்கின்றன. ஆற்றல் அழியாது, பிறக்காது என்பது அவற்றுக்குள்ளேயே பொதிந்திருப்பதை 1884இல் ஜான் ஹென்றி பாய்ன்டிங் காட்டிவிட்டார். அப்படியிருக்கப் புதிய இயற்பியலை அது எப்படிக் காட்டும்? கேள்வி சரியானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மாக்ஸ்வெல் அறியாத ஒன்று உலகில் இருந்தால் ஃபெம் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே சிமுலேஷனில் பூஜ்யம் வந்தது என்பதை மட்டும் வைத்து அப்படிப்பட்ட கோரிக்கையை மறுக்கவும் முடியாது. ஆனால் இந்த வாதத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே மென்பொருள் உபரி காட்டும்போது அதைச் சாட்சியாகக் கூப்பிடும் உரிமையும் அப்போதே போய்விடுகிறது. பூஜ்யத்தைத் தவிர வேறு விடை தரமுடியாத சமன்பாடுகளிலிருந்து வந்த உபரி, அவற்றைத் தீர்த்த விதத்திலிருந்தே வந்தாக வேண்டும். புதிய இயற்பியலைக் கோருபவர் போக வேண்டிய இடம் அளவீட்டு ஆய்வகம்.

அங்கே போனவர்களின் வரலாறும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் நியூமன் 1979இல் தம் ‘ஆற்றல் எந்திர’த்துக்குக் காப்புரிமை கேட்டார். பெரிய செம்புச் சுருளும் அதற்குள் சுழலும் காந்தமும் வரிசையாக மின்கலங்களும் கொண்டது அது. மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர், முன்பு காப்புரிமை அலுவலகத்தின் தலைவராகவே இருந்த வில்லியம் ஷுய்லர், 1984இல் நியூமனுக்குச் சாதகமாக அறிக்கை தந்தார். நீதிபதி அதோடு நிற்காமல் எந்திரத்தைத் தேசியத் தரநிலை அலுவலகத்திடம் சோதனைக்கு அனுப்பினார். 1986 ஜூனில் வந்த அறிக்கையின்படி, சோதித்த எல்லா நிலைகளிலும் வெளிவந்த திறன் உள்ளே போனதைவிடக் குறைவு. செயல்திறன் 26இலிருந்து 67 சதவீதம் வரை. கருவியை எர்த் செய்ததால் முடிவு கெட்டுவிட்டது என்று நியூமன் வாதாடினார். 1989இல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். அறிவும் பதவியும் உள்ள ஒருவர் ஆவணங்களைப் பார்த்து ஆம் என்றார். கம்பியை இணைத்து அளந்தவர்கள் இல்லை என்றார்கள்.

2006 ஆகஸ்டில் டப்ளினைச் சேர்ந்த ஸ்டியோர்ன் நிறுவனம் ‘தி எகானமிஸ்ட்’ இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது: காந்தங்களிலிருந்து இலவச ஆற்றல் பெறும் தொழில்நுட்பம் தங்களிடம் உண்டு, விஞ்ஞானிகள் வந்து சோதிக்கலாம். துணிச்சலான அழைப்பு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த இயன் மெக்டொனால்டு தலைமையில் 22 பேர் கொண்ட நடுவர் குழு அமைந்தது. 2007 ஜூலையில் லண்டனில் ஏற்பாடான பொதுக்காட்சி நடக்கவில்லை. விளக்குகளின் வெப்பமே காரணம் என்றது நிறுவனம். 2009 ஜூனில் நடுவர் குழு ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: ஸ்டியோர்னின் முயற்சிகள் ஆற்றல் உற்பத்தியாவதைக் காட்டவில்லை. முதலீட்டாளர்களிடமிருந்து 2 கோடி யூரோவுக்கு மேல் திரட்டியிருந்த நிறுவனம் 2016இல் மூடப்பட்டது.

சிமுலேஷன் கற்றுக்கொண்டவரின் உழைப்பு இதனால் வீணாவதில்லை. ஒட்டும் புள்ளியைத் துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்தவருக்கு மின்விசிறித் தொழிலில் வேலை இருக்கிறது. பழைய மின்விசிறிகள் 75 வாட் அளவில் இழுக்கும் இடத்தில், நிலைக்காந்தங்கள் கொண்ட பி.எல்.டி.சி. விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன. இந்த மோட்டாரை மின்சாரம் இல்லாதபோது கையால் திருப்பினால் விட்டுவிட்டுத் தட்டுப்படும். காந்தங்கள் இரும்புப் பற்களைப் பிடித்துப் பிடித்து விடுவதால் வரும் இந்த விசைக்குப் பொறியாளர்கள் காகிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வி-கேட்டின் ஒட்டும் புள்ளியும் இதுவும் ஒரே இயற்பியல். 12 பள்ளமும் 14 துருவமும் உள்ள மோட்டாரில் இந்தத் தட்டல் ஒரு சுற்றுக்கு 84 முறை வரும், அதாவது 4.3 பாகைக்கு ஒன்று. எனவே அரைப் பாகைக்கும் குறைவான படிகளில் கணக்கிட்டால்தான் அதன் உருவம் தெரியும். காந்தங்களைச் சற்றுச் சாய்த்தும் பற்களின் நுனியை மாற்றியும் அதைக் குறைக்கிறார்கள். வடிவமைப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு முழுச் சுற்றின் காகிங் விசையைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். கூட்டுத்தொகை பூஜ்யமாக வராவிட்டால், காற்றிடைவெளியில் இன்னும் இரண்டு அடுக்கு முக்கோணங்களைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓடவிடுகிறார்.